டக் போடும் தவளை

காலையில் எழுந்ததும் தவளைக் கால்களைப் பெருக்கித் தள்ளுவது என் வேலையாகிப் போயிற்று.

குடிலின் பின்பக்கத்தில் ஒரு பழைய சரக்கு அறை உண்டு. அதன் உத்தரத்தில் ஏழெட்டு வௌவால்கள் குடியிருந்தன. பழம் தின்கிற சாதி அல்ல. பெரிய காது, மூக்கின்மேல் இலை ஒட்டியது போல ஒரு மடிப்பு, கறி தின்கிற சாதி. ஏரியில் தவளை பிடித்து வந்து, தொங்கியபடியே தின்றுவிட்டு, வேண்டாத கால்களைக் கீழே போடும். கீழே அரிசி மூட்டை இருக்கிறது. நான் சமையல்காரன். எனக்கு எப்படி இருக்கும்?

“ஒரு வலை அடிச்சிடலாம்மா” என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

“அதுங்க நமக்கு முன்னாடியே வந்ததுங்க, முனிரத்தினம்” என்பார் அம்மா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எல்லாரும் அம்மா என்று கூப்பிடும் அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து, அதை விட்டுவிட்டு இந்த ஏரிக்கரை ஓட்டுக் கட்டடத்துக்கு வந்தவர். காவி கட்டமாட்டார், உபதேசம் செய்யமாட்டார். ஆனாலும் கேள்வி கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தெளிவோடு போனவர்களைவிட எரிச்சலோடு போனவர்கள்தான் அதிகம்.

தணிகாசலம் மட்டும் எரிச்சலானாலும் போகமாட்டார். மறுநாள் மறுபடி வருவார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அம்மாவைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். சர்வே ஆபீஸில் முப்பது வருஷம் நிலம் அளக்கும் செயின் இழுத்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்தில் அவர் காலடி படாத நிலம் இருந்திருக்காது. அம்மாவைத் தன் குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். குரு சொன்னது எதையும் கேட்கமாட்டார்.

அவருடைய கவலை எங்களுக்கு மனப்பாடம். அவர் இருப்பது பள்ளத்தெரு. மழைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோகும் வரத்துக்கால்வாய் அந்தத் தெருவுக்குப் பின்னால்தான் ஓடியது. கஜபதி என்கிறவன் அதில் கிராவல் கொட்டி மூடி, மேலே பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் போன வருஷம் தெருவுக்குள் வந்தது. முழங்கால் உயரம். இந்த வருஷம் தணிகாசலத்தின் மகள் பிரசவத்துக்கு வந்து, இருபது நாள் குழந்தையோடு அதே வீட்டில் இருந்தாள். ஐப்பசி பிறந்துவிட்டது.

“பதினோரு கடிதாசி போட்டாச்சும்மா” என்றார் அன்றைக்கும். “கலெக்டருக்கு நாலு, தாசில்தாருக்கு அஞ்சு, மந்திரிக்கு ரெண்டு. ஒருத்தன் வரலை. இந்த நாட்ல காது இருக்கிறவன் ஒருத்தன்கூட இல்லையா?”

“ஒண்ணு படிச்சுக் காட்டுங்க ஐயா” என்றார் அம்மா.

அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் பையிலிருந்து நகலை எடுத்தார். எட்டுப் பக்கம்.

“மாண்புமிகு ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்குப் பாமர மக்கள் கண்ணீரோடு எழுதிக்கொள்வது. நீரின்றி வாடும் பயிர்களும், நீரால் வாடும் நெஞ்சங்களும்…”

இரண்டாம் பக்கத்தில் நான் உலை வைக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது ஐந்தாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடியிருந்தார். தியானம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“…இங்ஙனம், பாதிக்கப்பட்ட பொதுமக்கள்.”

அம்மா கண்ணைத் திறந்தார். “கால்வாய் எங்க இருக்குன்னு எங்கயாவது வந்துச்சா?”

“எங்கள் ஊர் ஏரிக்கால்வாய்னு மூணு இடத்துல வருதும்மா.”

“ஏரிக்கு எத்தனை கால்வாய்?”

“ஏழு.”

“அடைச்சது யாருன்னு?”

“சமூக விரோத சக்திகள்னு போட்டிருக்கேன்.”

“கடிதாசி போட்டது யாருன்னு?”

“பொதுமக்கள்.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஒருத்தரும் வரலைன்னு சொல்றது தப்பு அண்ணா” என்றேன் நான். “போன மாசம் ஜீப்ல ஒரு ஆபீசர் வந்தாரே. உங்க கடிதாசியைக் கையில வெச்சிக்கிட்டு ஏரிக்கரையில அரை மணி நேரம் நின்னாரு. என்கிட்டகூடக் கேட்டாரு, எந்தக் கால்வாய்னு. எனக்கென்ன தெரியும்? இளநி குடிச்சிட்டுப் போயிட்டாரு.”

“அவரு தேடியிருக்கணும்!”

“மூணு கிலோமீட்டர் கரை அண்ணா.”

“ஐயா” என்றார் அம்மா, “சர்வே நம்பர் உங்களுக்குத் தெரியாதா?”

தணிகாசலத்தின் முகம் மாறியது. “தெரியாமலா? நூத்திப் பதினேழு பார் ரெண்டு. எந்த இடத்துல கல்லு நட்டிருக்கு, மூணு கல்லுல எந்தக் கல்லைப் புடுங்கிட்டான், எது மண்ணுக்குள்ள இருக்கு, எல்லாம் தெரியும். நட்டவனே நான்தான்.”

“அதை ஏன் எழுதலை?”

“எழுதினா நான்தான்னு தெரிஞ்சிடுமே! புதைஞ்ச கல்லு எங்க இருக்குன்னு சொல்ல இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? அதுக்கு நான் கையெழுத்தே போட்டுடலாம். கஜபதி ஆளுங்க எப்படின்னு உங்களுக்குத் தெரியாதும்மா.”

“அப்ப எதுக்கு எழுதுறீங்க?”

“வரணும்னுதான்.”

அம்மா பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சை நான் நன்றாக அறிவேன். பருப்பு அடிபிடித்தால் நானும் அப்படித்தான் விடுவேன்.

தணிகாசலத்துக்கு அது உறைக்கவில்லை. வாசலில் நான் பெருக்கிக் குவித்திருந்த தவளைக் கால்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“இங்க பாருங்கம்மா. இதுலயும் அநியாயம்தான். ஏரியில ஆயிரம் தவளை கத்துது. சும்மா இழுத்துக்கிட்டுக் கெடக்கிற சோம்பேறியை இந்த வௌவால் தொடுறதில்லை. நல்லாக் கத்துது பாருங்க, கடைசியில டக்கு டக்குன்னு போட்டு, அதைத்தான் புடிக்குது. கரையில உக்காந்து நானே பார்த்திருக்கேன். நல்லாப் பாடுறவனையே ஏம்மா கொல்லணும்? கடவுள் வெச்ச ஏற்பாடா இது?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றார் அம்மா. “சாயங்காலம் போய்ப் பார்ப்போம்.”

சாயங்காலம் மூன்று பேரும் போனோம். மழை தூறி விட்டிருந்தது. கரைக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் கட்டைவிரல் அளவுத் தவளைகள். நாங்கள் உட்கார்ந்ததும் அமைதியானோம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். தணிகாசலம் பேசிக்கொண்டே இருந்தார். தாசில்தாரைப் பற்றி, மந்திரியைப் பற்றி, அந்த ஆபீசர் குடித்த இளநீரைப் பற்றி. தவளைகள் வாயே திறக்கவில்லை. இருட்டியதும் கொசுக்கடியோடு திரும்பினோம்.

“இன்னைக்கு ஒண்ணுமே கத்தலை, பார்த்தீங்களா?” என்றார் வழியில்.

எனக்கு வந்த கோபத்தில் விளக்கைப் போட்டு உடைத்திருப்பேன்.

மறுநாள் அம்மா ஒரு பொட்டலம் வேர்க்கடலையை அவர் கையில் கொடுத்து, தீரும்வரை பேசக்கூடாது என்றார். அது வேலை செய்தது.

முதலில் ஒரே ஒரு தவளை ஆரம்பித்தது. வீ… என்று நீளமாக ஒரு இழுப்பு. சிறிது நேரம் அதுமட்டும்தான். அப்புறம் ஆறடி தள்ளி இன்னொன்று ஆரம்பித்தது. உடனே முதல் தவளை தன் இழுப்பின் கடைசியில் ஒரு டக் சேர்த்தது. வீ… டக். மற்றது இழுப்பை நிறுத்தவுமில்லை, டக் சேர்க்கவுமில்லை. மூன்றாவதாகச் சேர்ந்தது வந்தவுடனே இரண்டு டக் போட்டது. வீ… டக் டக். முதலாவது விடுமா? அதுவும் இரண்டு போட்டது.

“போட்டி” என்றார் தணிகாசலம் மெதுவாக. கடலை தீர்ந்திருந்தது.

தலைக்கு மேலே ஈரத்துணி உதறியது போல ஒரு சத்தம் கேட்டது. தண்ணீரில் ஒரு சின்னத் தெறிப்பு. முதல் தவளை இருந்த இடத்தில் அமைதி. எல்லாத் தவளைகளும் நின்றுவிட்டன.

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா!” தணிகாசலம் எழுந்து நின்றுவிட்டார். “பக்கத்துலயே ஒண்ணு டக்கே இல்லாம மொழுக்குன்னு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சே, அதை விட்டுட்டு டக்கு போட்டதை எடுத்துச்சு. ஏம்மா? அதுக்கு ருசி தெரியுதா? சங்கீதம் தெரியுதா?”

“உங்க துண்டைக் கொடுங்க” என்றார் அம்மா.

வாங்கி, அவர் கண்ணை இறுகக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். எங்கேயாவது போய் நில் என்று அர்த்தம். எங்கேயாவது என்றால் சேறுதான். கணுக்கால் வரை இறங்கி நின்றேன். அம்மா உதட்டை மூடிக் காட்டினார். எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்காமல் ம்ம்ம்ம் என்று நீளமாக முனகினேன்.

“முனிரத்தினம் எங்க இருக்கான்?” என்று அம்மா கேட்டார்.

தணிகாசலம் கிழக்கே கையை நீட்டினார். பிறகு தலையைத் திருப்பி, “இல்ல, வடக்கால” என்றார். “இரு, மரத்துக்கிட்ட… எல்லாப் பக்கமும் கேக்குதேம்மா.”

நான் தெற்கே நின்றுகொண்டிருந்தேன். அவரோ செயின் பிடித்து முப்பது வருஷம் நிலம் அளந்தவர்.

அம்மா எனக்கு இன்னொரு சைகை செய்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து டக் என்றேன். ஒரே ஒரு முறை.

தணிகாசலத்தின் விரல் நேராக என் நெஞ்சுக்கு வந்தது.

“இப்ப எப்படித் தெரிஞ்சுது?” என்றார் அம்மா.

“டக்குன்னா ஒரு இடத்துலேர்ந்து வருதும்மா. இழுத்தா எங்கேர்ந்து ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னே புரியலை. ஊரு முழுக்கச் சத்தமா இருக்கு.”

“வௌவாலைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்.”

அவர் துண்டை அவிழ்த்தார். யோசித்தார். யோசிக்கும்போது அவர் நல்ல மனுஷராகத்தான் தெரிவார்.

“அப்ப ருசியுமில்லை, சங்கீதமுமில்லை. இடம் தெரியுது, எடுக்குது. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்னு நினைக்கிறேன்.”

“அப்ப டக்கை விட்டுட வேண்டியதுதானே! இந்த முட்டாப் பசங்களுக்கு யாராவது சொல்லக் கூடாதா? இழுப்பு மட்டும் போதும்டா, உசிரோட இருங்கடான்னு?”

“விட்டவன் ஒருத்தன் இருக்கான். பாருங்க” என்றார் அம்மா.

தவளைகள் மிரளாமலிருக்க டார்ச்சின் மேல் சிவப்பு மிட்டாய்த்தாளைச் சுற்றி, தண்ணீரில் மெல்லக் காட்டினார். கல்லோரத்தில் அந்த மொழுக்குத் தவளை. மறுபடி வீ… என்று ஆரம்பித்திருந்தது. நாலடி தள்ளி இரண்டு டக் போடுகிறவன். இரண்டுக்கும் நடுவே சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது ஒரு பெண் தவளை. வயிறு பெருத்திருந்தது. நடுவில் நின்றது. மொழுக்கன் உயிரைக் கொடுத்து இழுத்தான். அது அவன் பக்கம் திரும்பியது, மறு பக்கம் திரும்பியது, சுற்றிச் சுற்றி வந்தது. வீ… டக் டக். அவ்வளவுதான். நேராக அங்கே போய்விட்டது.

மொழுக்கன் இழுத்துக்கொண்டே இருந்தான்.

“குருட்டுச் சிறுக்கி” என்றார் தணிகாசலம். “கையெட்டுற தூரத்துல இருந்தான்.”

“அவளும் இருட்டுலதானே தேடிட்டு வர்றா” என்றார் அம்மா.

நான் சேற்றிலிருந்து காலை எடுத்துக்கொண்டிருந்தேன். தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் குரலில் கோபம் இருந்தது.

“நீங்க தவளையைச் சொல்லலை. என்னைச் சொல்றீங்க.”

“நீங்க வௌவாலைப் பத்திக் கேட்டீங்க. காட்டினேன்.”

“நம்பர் போடு, பேரைப் போடு, போய்ச் சாவுங்கறீங்க.”

“நான் அப்படிச் சொல்லலை.”

“பின்ன என்னதான் சொல்றீங்க? நேரா ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களா? எழுதுன்னு சொல்லுங்க, எழுதாதேன்னு சொல்லுங்க. குருன்னு உங்களை எதுக்குக் கும்பிடுறேன்? தவளை செத்தா ஒண்ணு போச்சு. எனக்குப் பொண்ணு இருக்கு, பேத்தி இருக்கு.”

“தவளைக்கும் ஒரு உசிருதான் இருக்கு ஐயா” என்றார் அம்மா. அவருக்கும் எரிச்சல் வந்திருந்தது. “போட்டாப் பயம், போடலைன்னாத் தண்ணி. ரெண்டுமே உங்க வீட்டுக்குள்ளதான் வரப்போகுது. இதுல நான் என்ன வார்த்தை சொல்றது?”

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

நான்கு நாள் வரவில்லை. நாலு நாளும் மழை. குடிலில் நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஐந்து மணி ஆனால் அம்மா வாசலைப் பார்ப்பார். நானும் ஒரு டம்ளர் டீ அதிகமாகப் போட்டுவிட்டு, பிறகு என்னையே திட்டிக்கொண்டு குடிப்பேன்.

ஐந்தாம் நாள் வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. அது மழையில் நனைந்த வேட்டி இல்லை. கீழேயிருந்து நனைந்தது.

“வந்துடுச்சா?” என்றார் அம்மா.

“நேத்து ராத்திரி. கட்டில் கால் பாதி முழுகிடுச்சு. பெஞ்சைப் போட்டு, அதுமேல கட்டிலை ஏத்தி, குழந்தையைப் படுக்க வெச்சிருக்கோம். பொண்ணு பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்னையே பார்க்குறா. ஒண்ணும் கேக்கலை. சும்மா பார்க்குறா.”

அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவரைப் பற்றி நான் மனதில் திட்டிய திட்டெல்லாம் அப்போது எனக்கே கசந்தது.

பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இவ்வளவுதானா? முன்னாடி எட்டுப் பக்கம் இருந்துச்சே.”

“இவ்வளவுதாம்மா.”

அம்மா என்னிடம் நீட்டினார். மூன்றே வரி. சர்வே எண் 117/2-இல் உள்ள வரத்துக்கால்வாயைக் கஜபதி என்பவர் நூற்று நாற்பது மீட்டர் நீளத்துக்கு மூடியிருக்கிறார். வடமேற்கு எல்லைக்கல் இரண்டாவது பிளாட்டின் வேலியிலிருந்து ஆறு மீட்டர் கிழக்கே, ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கிறது. அதைத் தோண்டி அளந்தால் தெரியும்.

“கீழே பேரு இல்லையே” என்றேன்.

“அந்தக் கல்லுதான் என் பேரு” என்றார் தணிகாசலம். பிறகு அவருக்கே அது அலுத்துவிட்டது போல, “பேனாவைக் குடு” என்றார். பேர் எழுதினார். கதவு எண் எழுதினார். போன் நம்பரும் எழுதினார். கடைசி இரண்டு எண்களை அடித்துத் திருத்தினார்.

“யாரும்மா முதல்ல வருவாங்க?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க” என்றார் அம்மா. அந்தத் தடவை எரிச்சல் இல்லை.

கடிதத்தை அவரே கொண்டுபோய்த் தாசில்தார் ஆபீஸில் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் குடிலுக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து நான் கரண்டியோடு வெளியே வந்தேன். செருப்போடு உள்ளே வந்துவிட்டார். சந்தோஷமா பயமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“வந்துட்டாங்கம்மா.”

“யாரு?”

“எல்லாரும்!”

அவர் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காலை எட்டு மணிக்குக் கஜபதியின் ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஆபீஸிலிருந்தே யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்ற தண்ணீரில் செருப்போடு நடந்து உள்ளே வந்தார்கள். அடிக்கவில்லை, கத்தவில்லை. ஒருவன் கட்டில் பக்கத்தில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு, “பாப்பாவுக்குப் பேரு வெச்சாச்சா?” என்று மகளிடம் கேட்டான். வைக்கவில்லை என்றாள். “வைக்கறப்ப எங்களுக்கும் சொல்லுங்க. வர்றோம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

“அவ்வளவுதாம்மா சொன்னான். அவன் போனதும் குழந்தையைத் தூக்கி மடியில வெச்சிக்கிட்டேன்.”

பதினொரு மணிக்கு சர்வேயர் வந்தார். சின்ன வயதுப் பெண். கையில் மூன்று வரிக் கடிதம். யாரையும் எதையும் கேட்கவில்லை. நேராக இரண்டாவது பிளாட்டின் வேலிக்குப் போனார். ஆறு மீட்டர் அளந்தார். தோண்டச் சொன்னார். ஒன்றரை அடியில் மண்வெட்டி டங்கென்று இடித்தது. மூன்று மணிக்கு ஜே.சி.பி. வந்தது. நாலரைக்குத் தெருத் தண்ணீர் கால்வாய்க்குத் திரும்பியது. ஜனங்கள் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்களாம். தன் கல்லை இருபத்தி மூணு வருஷம் கழித்துத் தானே தொட்டுப் பார்த்தாராம் தணிகாசலம்.

“நல்லதுங்க” என்றார் அம்மா.

“என்ன நல்லது!” என்று வெடித்தார் அவர். “அவங்க வந்தாங்க, சரி. இவனுங்க ஏன் வரணும்? ஒருத்தருக்கு மட்டும் கேக்குற மாதிரி, ஒருத்தர் மட்டும் வர்ற மாதிரி ஒரு கடிதாசி எழுத முடியாதா? அதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்கம்மா. காலைப் புடிச்சுக் கேக்குறேன்.”

“யாருமே வராத மாதிரி எழுதலாம். பதினோரு தடவை எழுதிட்டீங்க” என்றார் அம்மா. “ஒருத்தர் மட்டும் வர்ற மாதிரி எழுத இன்னும் யாருக்கும் கைவரலை.”

தணிகாசலம் தரையில் உட்கார்ந்தார். நான் டீயை அவர் பக்கத்தில் வைத்தேன். எடுத்துக் குடிக்கவில்லை.

“மறுபடி வருவானுங்க” என்றார். “ஜே.சி.பி. போனதும் வருவானுங்க. நாளைக்கோ நாளன்னைக்கோ.”

“வருவாங்கதான்.”

அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கக்கத்தில் பாய் இருந்தது. கையில் ஒரு தாள். தணிகாசலத்தின் அதே மூன்று வரியை அம்மா தன் கையெழுத்தில் எழுதியிருந்தார். கீழே தன் முழுப் பெயர், குடிலின் விலாசம். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

“முனிரத்தினம், அடுப்பை அணைச்சிட்டுப் பேனாவோட வா” என்றார். “கொஞ்ச நாளைக்கு ஐயா வீட்டுலதான் படுக்கை. அங்க தெருவுல முப்பத்தெட்டு வீடு இருக்கு. ஒவ்வொண்ணாப் போய்க் கையெழுத்து கேட்போம்.”

குழம்பு பாதி கொதியில் இருந்தது. எனக்கும் கஜபதிக்கும் எந்த வழக்கும் கிடையாது. என் பேர் அவன் காதுக்குப் போவதில் எனக்குக் கொஞ்சமும் விருப்பம் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு அடுப்பை அணைத்தேன்.

தணிகாசலம் பதறிப்போய் வழியை மறித்தார்.

“வேணாம்மா. அவனுங்க உங்களையும் குறிச்சி வெச்சிக்குவானுங்க. இது எங்க தெரு வம்பு. உங்க பேரு எதுக்கும்மா இதுல?”

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“உங்க பேரு மட்டும் எதுக்கு?”